ஒரே சரத்தில் கோத்த காதல் குறுநாவல்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ரீஜன்சி காலத்தைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் வரும் காதல் குறுநாவல்களை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். ஒரு கதையின் மாந்தர் அடுத்த கதையிலும் தலைகாட்ட, அவை ஒன்றோடொன்று கோத்து வருவதில் என்ன சுவை என்று பலரும் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, ரீஜன்சி என்றால் எந்தக் காலம்? எல்லாரும் அதையே ஏன் எழுதுகிறார்கள்?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கியதால், அவருடைய மூத்த மகன் தந்தையின் இடத்திலிருந்து ஆண்ட காலம் அது. 1811 பிப்ரவரி 5 முதல் 1820 ஜனவரி 29 வரை, முழுதாக ஒன்பது ஆண்டுகள்கூட இல்லை. ஆனால் அதற்குள் எவ்வளவு நடந்தது என்று பாருங்கள். 1814-ல் தேம்ஸ் நதி உறைந்தது. 1815-ல் நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ போர். அதே ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடிக்க, 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. இந்தக் களத்துக்குப் பாதை போட்டவர் ஜார்ஜெட் ஹேயர் என்ற ஆங்கில நாவலாசிரியை. ரீஜன்சியை வைத்து அவர் எழுதிய முதல் நாவல் 1935-ல் வந்தது. பின்னால் வந்தவர்களெல்லாம் அவர் கட்டிய வீட்டில் அறை எடுத்துக்கொண்டவர்கள்தான்.

முழு நாவலே இருக்கும்போது குறுநாவல் எதற்கு? பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கிறது.
(சேலத்திலிருந்து)

சரியாக எழுதாத குறுநாவல் அப்படித்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நாவலுக்கு வேண்டிய சங்கதிகளைக் குறுநாவலில் திணித்தால் பசி அடங்காது. அறிவியல் புனைகதைகளுக்குத் தரும் நெபுலா விருதின் விதிப்படி குறுநாவல் என்பது 17,500 முதல் 40,000 சொற்களுக்குள் அடங்க வேண்டும். அதற்குள் ஒரு தடை, ஒரு காதல், ஒரு முடிவு, அவ்வளவுதான் கொள்ளும். அதற்கேற்ற காலக்கெடுவை வரலாறே தருவதுதான் அழகு.

நான் சொன்ன தேம்ஸ் உறைவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1814 பிப்ரவரி முதல் வாரம், லண்டன் பாலத்துக்கும் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கும் நடுவே பனிக்கட்டியின்மேல் கடைகள் முளைத்தன. இஞ்சி ரொட்டியும் ஜின்னும் விற்றார்கள். அச்சு இயந்திரத்தைப் பனிமேல் இறக்கி, நினைவுக்கு வைத்துக்கொள்ளத் துண்டுத்தாள்கள் அடித்துக் கொடுத்தார்கள். நாலைந்து நாளில் பனி விரிசல் விட்டு எல்லாம் முடிந்துபோனது. அச்சுக்காரன் மகளும் படகோட்டியும் அங்கே சந்தித்தால், அவர்களுக்குக் கிடைப்பது அந்த நாலைந்து நாள்தான். பனி உருகினால் படகோட்டி தன் பிழைப்புக்குத் திரும்பிவிடுவான். இதை நானூறு பக்கத்துக்கு இழுத்தால் கதையும் பனியோடு கரைந்துவிடும்.

திருமண அறிவிப்பும் அப்படித்தான். 1753-ல் இயற்றிய சட்டப்படி, ஒன்று உரிமம் வாங்க வேண்டும், இல்லையேல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் இருவர் பெயரையும் எல்லார் முன்னும் வாசிக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். மூன்று ஞாயிறு, மூன்று முறை நெஞ்சு படபடப்பு. குறுநாவலுக்கு இதைவிட நல்ல எலும்புக்கூடு வேண்டுமா?

தனித்தனிக் கதையாக விட்டால் என்ன? கோப்பது அடுத்த புத்தகத்தை வாங்க வைக்கும் உத்திதானே?
(சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

வாங்க வைக்கத்தான் செய்கிறது தம்பி. ஆனால் வாசகர்கள் இத்தனை ஆண்டுகளாக அதை விரும்பிப் படிப்பதற்குக் காரணம் வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

அந்தக் காலத்துப் பெண்ணுக்குத் திருமணம் என்றால் என்ன? கைகோத்த நாள் முதல் அவளுடைய பணமும் பொருளும் சட்டப்படி கணவனுடையவை. முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதி வைத்தால்தான் ஏதாவது மிஞ்சும். அந்த நிலையை மாற்றிய சொத்துரிமைச் சட்டங்கள் 1870-லும் 1882-லும்தான் வந்தன. பிள்ளைகள்மேலும் உரிமை தகப்பனுக்கே. மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்ய வேண்டுமானால், 1857-க்கு முன்பு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டும். அது எத்தனை பேரால் முடியும்?

ஆகவே கல்யாணத்தோடு முடியும் கதை எனக்குப் பாதி ஆறுதல்தான் தரும். அவள் தேர்ந்தெடுத்தது சரிதானா என்பது அன்றைக்குத் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து, வேறொருத்தியின் கதையில், விருந்து மேசையின் ஓரத்தில் இருவரையும் பார்க்கும்போதுதான் தெரியும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் கதையின் நாயகி அழுதுகொண்டே அக்கா வீட்டுக்கு வருகிறாள். அக்காள்தான் முதல் கதையின் நாயகி. அவள் தங்கை கொண்டுவந்த கடிதத்தை வாங்கிப் படிக்கிறாள். அவள் கணவன் யாருடனோ பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், மெழுகுவர்த்தியை அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறான். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்த வெளிச்சம் வரும் என்று அவளுக்குத் தெரியும். கதாசிரியர் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தங்கையின் துயரத்துக்குப் போய்விடுகிறார். முதல் கதையைப் படித்தவருக்கு அந்த ஒரு வரியில் தொண்டை அடைக்கும். கோத்து எழுதுவதன் பலன் அதுதான்.

எந்த வரிசையில் படிப்பது? வெளிவந்த வரிசையா, கதை நடக்கும் காலவரிசையா?
(கோவையிலிருந்து)

வெளிவந்த வரிசைதான். கல்கியின் வாசகர்களுக்கு இதை எளிதில் புரியவைக்கலாம். ‘பார்த்திபன் கனவு’ முதலில் வந்தது. அதற்கு முந்திய காலத்தைச் சொல்லும் ‘சிவகாமியின் சபதம்’ பிறகு வந்தது. காலவரிசைப்படி படித்துவிட்டுப் ‘பார்த்திபன் கனவு’ கதையில் வரும் சிவனடியாரிடம் வந்தால், ஒரு பெரிய வியப்பை இழந்திருப்பீர்கள்.

நாயகனும் நாயகியும் கையைத் தொட்டுக்கொள்ளவே நூறு பக்கம் ஆகிறது. சலிப்பாக இல்லையா அக்கா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

எனக்கு அந்தத் தாமதம்தான் பிடிக்கும். ஒரு கடிதத்தைப் பாருங்கள். 1840-க்கு முன்பு தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவர்தான் கட்டுவார், அதுவும் தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் ஒரே தாளில் எழுதி முடித்து, தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்காகவே மேலும் எழுதி, மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள். அதோடு, மணமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டால் நிச்சயமாகிவிட்டது என்றுதான் ஊர் எண்ணும். ஆக, பணியில்லாமல் அரைச் சம்பளத்தில் வாடும் கடற்படை லெப்டினென்ட் ஒருவன், சாப்பாட்டுக் காசைக் கொடுத்துக் கடிதத்தை வாங்கி, குறுக்கும் நெடுக்குமான வரிகளை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு பிரித்துப் படிக்கிறான். தொடவில்லைதான். எனக்குச் சலிக்கவில்லை.

எல்லாக் கதையிலும் டியூக்தானா?
(மதுரையிலிருந்து)

டியூக் என்பது பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம். அரச குடும்பத்தைச் சேராத டியூக்குகள் அன்று இரண்டு மூன்று டஜனுக்கு மேல் தேற மாட்டார்கள். கதைகளிலோ தெருவுக்கு ஒருவர்! இதற்கு மாற்று மருந்தும் குறுநாவலில்தான் இருக்கிறது. பெரிய நாவலில் கதவு திறந்துவிட்டு நின்ற வேலையாள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை, விதவையான துணைப்பெண் என்று ஓரத்தில் நின்றவர்களுக்குக் குறுநாவலில் முறை வருகிறது. நான் முதலில் தேடுவதே அவற்றைத்தான்.

அந்த மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று இக்கதைகள் சொல்கின்றனவா?
(யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

பெரும்பாலும் சொல்வதில்லை ஐயா. அது எனக்குத் தீராத வருத்தம். அடிமை வியாபாரத்தை பிரிட்டன் 1807-ல் தடை செய்தது. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறை 1830-கள் வரை நீடித்தது. ‘மதராஸில் பொருள் சேர்த்துத் திரும்பினான்’ என்று ஒரு வரியில் கடந்துபோகும் நாயகர்களும் உண்டு. அந்த வரியை நம்மால் அப்படிக் கடக்க முடிவதில்லை. அண்மைக் காலத்தில் சிலர் அந்தக் கேள்வியையே காதலுக்கு நடுவே கொண்டுவந்து வைக்கிறார்கள். அவற்றைத் தேடிப் படிக்கிறேன்.

நானும் மூன்று குறுநாவல்கள் கோத்து எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?
(தஞ்சாவூரிலிருந்து)

ஆளைக் கோக்காமல் ஓர் இரவைக் கோத்துப் பாருங்கள். 1815 ஜூன் 15, பிரஸ்ஸல்ஸ் நகரில் ரிச்மண்ட் சீமாட்டி நடத்திய நடன விருந்து. நெப்போலியன் விரைந்து வரும் செய்தி விருந்து நடக்கும்போதே பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனுக்கு வந்தது. அதிகாரிகள் விடைபெற்றுக் கிளம்பினார்கள். உடை மாற்ற நேரமில்லாமல் நடனக் காலணியோடே சிலர் மறுநாள் காத்ர் பிரா என்ற இடத்தில் போரிட்டார்கள். அப்படிக் கிளம்பிய ஓர் அதிகாரியோடு ஆடிக்கொண்டிருந்தவள் ஒரு கதை. அவள் மேலங்கியை வைத்துக்கொண்டு வாசலில் நின்ற பணிப்பெண் ஒரு கதை. காயம்பட்டவர்களோடு திரும்பிவந்த மருத்துவர் ஒரு கதை. மூன்றிலும் அந்தக் காலணி ஒரு தரம் வரட்டும். முதல் கதையில் பளபளப்பாக, இரண்டாவதில் வாசற்படியில் ஓசையாக. மூன்றாவதில் எப்படி வருகிறது என்பதை எழுதி எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.