பரணில் கிடந்த வால்வு ரேடியோவை ப்ளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். தாத்தாவின் ரேடியோ, நாற்பது வருஷமாகப் பரணில் கிடந்தது, ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா, அப்படியே பழைய ரேடியோக்களைச் சரிபண்ணுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு, தாராளமாக. முதலாவதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். என் முதல் செட்டை நான் அப்படித்தான் கொன்றேன்.

காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் வாங்கிய ஐந்து வால்வு செட் அது (வால்வு என்பது ட்ரான்சிஸ்டருக்கு முன் இருந்த கண்ணாடிக் குழாய்). வீட்டுக்கு வந்ததும் பொறுமையில்லாமல் சொருகிவிட்டேன். முதலில் 'ங்ங்' என்று ஒரு உறுமல், அப்புறம் கரகரப்புக்கு நடுவே யாரோ பேசினார்கள், நான் அம்மாவைக் கூப்பிட்டேன், அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் மெழுகு கருகுகிற வாடை. ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுக்கிற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது.

காரணம் ஒரு சின்னக் கண்டென்சர். கடைசி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற முனைக்கு, ஒலியை மட்டும் அனுப்பி, டிசி வோல்டேஜைத் தடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அந்தக் காலத்தில் காகிதத்தைச் சுருட்டி மெழுகில் தோய்த்துச் செய்தார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இத்தனை வருஷம் கிடந்தால் அது கசியும். நாலைந்து வோல்ட் கிரிட்டுக்குள் போனாலே போதும், வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கும், ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகும், கதை முடிந்தது. பத்து ரூபாய் கண்டென்சருக்காக, எங்குமே கிடைக்காத ட்ரான்ஸ்ஃபார்மரைப் பலிகொடுத்தேன்.

அதனால் முதல் வேலை, பின் அட்டையைக் கழற்றுங்கள், ப்ளக் பக்கமே போகாதீர்கள். எலிப்புழுக்கை, கரப்பான் முட்டை, தூசி எல்லாவற்றையும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு வால்வுகளின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்தால் நம்பர் அழிந்துபோகும், கவனம்.

ஈசிஎச் 81, ஈசிஎல் 82 என்று 'ஈ'யில் தொடங்கினால் பெரும்பாலும் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள செட், கொஞ்சம் நிம்மதி. யூசிஎச் 81, யூசிஎல் 82 என்று 'யூ'வில் தொடங்கினால் உஷார். இந்த வகையில் எல்லா வால்வின் ஹீட்டரும், கோயில் திருவிழாவில் தொங்குகிற சீரியல் செட் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருக்கும். ஒன்று போனால் மொத்தமும் எரியாது. அது பரவாயில்லை. மோசமானது என்னவென்றால், மெயின்ஸின் ஒரு முனை, பாகங்களைப் பொருத்தியிருக்கிற சேஸிஸ் தகட்டில் நேரே இணைந்திருக்கும். அப்போது சில ஊர்களில் டிசி கரண்ட் இருந்தது, அதிலும் ஓட வேண்டும், விலையும் குறைய வேண்டும், ட்ரான்ஸ்ஃபார்மரை விட்டுவிட்டார்கள். ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். என் இரண்டாவது செட்டில் வால்யூம் குமிழ் உடைந்து வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் திருகினேன். தோள்பட்டை வரை இழுத்தது. இந்த வகை செட்டில் கைவைக்குமுன் மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் கரண்ட் கொடுக்கிற ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிவிடுங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எந்த வகை செட்டாக இருந்தாலும் சரி, அணைத்த பிறகும் பெரிய கண்டென்சரில் வோல்டேஜ் தங்கியிருக்கும், ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

காகிதக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஒவ்வொன்றாக, ஒன்றைக் கழற்றினால் அதை மாட்டிய பிறகே அடுத்தது. 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் போதும். பவர் சப்ளையில் இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள், அந்த உறுமல் அதனால்தான். எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், எனக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ரப்பர் உறை போட்ட வயர் விரலில் பொடிப்பொடியாக உதிரும், அதுவும் புதிதாக. ஐஎஃப்டி டப்பாக்களுக்குள் (ஸ்டேஷனைத் துல்லியமாகப் பிரிக்கிற சுருள்கள் உள்ளவை) இருக்கிற திருகாணியை மட்டும் தொடாதீர்கள். சோதனை சிக்னல் கொடுக்கிற சிக்னல் ஜெனரேட்டர் கருவி இல்லாமல் திருகியவர்கள் யாரும் உருப்பட்டதில்லை, நானும் சேர்த்துத்தான்.

ஸ்டேஷன் முள்ளை நகர்த்துகிற டயல் கயிறு என்பது தனி ஒரு நரகம். நைலான் நரம்பு வழுக்கியது. கடைசியில் தையல் கடையில் வாங்கிய தடித்த நூலில் மெழுகு தேய்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை போராடிக் கட்டினேன். கழற்றுமுன் ஃபோட்டோ எடுத்திருந்தால் அரை மணி நேர வேலை.

அப்புறம் கரண்ட் கொடுக்கும்போது, நேராக இல்லை, 100 வாட் குண்டு பல்பை ரேடியோவோடு சீரிஸில் போட்டுக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு மங்கலாகச் சிவந்தால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள்.

அந்த இரண்டாவது செட், பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்த அன்று, அரை நிமிஷம் சத்தமே இல்லை. வால்வுகள் மெல்லச் சிவந்தன. பிறகு தூரத்திலிருந்து ஒருவர் நடந்து வருவதுபோல் ஒலி வந்தது, 936 கிலோஹெர்ட்ஸ், திருச்சி வானொலி. அம்மா இந்தத் தடவை கூப்பிடாமலே வந்துவிட்டார். ஒரு குறை, வீட்டிலிருக்கிற எல்இடி பல்பும் மொபைல் சார்ஜரும் மீடியம் வேவில் போடுகிற இரைச்சல் தாங்காது. கரண்ட் போனால் இரைச்சல் நின்றுவிடும், ஆனால் ரேடியோவும்தானே நின்றுவிடும். மொட்டைமாடியில் நாற்பது அடி செம்புக் கம்பியை ஏரியலாகக் கட்டிய பிறகு கொஞ்சம் தேவலாம்.

உங்கள் செட்டின் வால்வு நம்பர்களையும், சேஸிஸின் அடிப்பக்க ஃபோட்டோவையும் போடுங்கள். எந்தக் கண்டென்சரிலிருந்து தொடங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ப்ளக் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.