மூட வேண்டியது நல்ல கண்ணைத்தான்!

வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவர் பதில்

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. இடது கண் 'சோம்பேறிக் கண்' என்று சொல்லிவிட்டார்கள். விழித்திரை ரத்தக்குழாய்களை ஸ்கேன் எடுத்ததில், அந்தக் கண்ணில் ரத்தக்குழாய் அடர்த்தி கொஞ்சம் குறைவு என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ரத்த ஓட்டம் போதாமல்தான் பார்வை மங்கியதா? அதைக் கூட்ட டானிக், மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. டானிக்கும் வேண்டாம், அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்தக் குறைக்குக் கண்ணின் பெயரை வைத்துவிட்டார்கள், ஆனால் அது இருப்பது மூளையில். சின்ன வயதில் ஒரு கண்ணில் பவர் அதிகமாக இருந்தாலோ, கண் விலகி மாறுகண்ணாக இருந்தாலோ, புரை விழுந்து மறைத்தாலோ, அந்தக் கண் அனுப்பும் மங்கலான படத்தை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடுகிறது, நல்ல கண்ணை மட்டும் வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறது.

1960களில் டேவிட் ஹூபெல், டோர்ஸ்டென் வீசல் என்ற இரு மூளை ஆராய்ச்சியாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையை மட்டும் தைத்து மூடிவைத்து, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் பெரும்பாலான செல்கள் மூடாத கண்ணுக்கு மட்டுமே பதில் சொல்லின, மற்ற கண்ணில் வெளிச்சம் அடித்தால் ஏறக்குறைய அசைவே இல்லை. பார்வைக்காக மூளை எப்படி வேலை செய்கிறது என்று இப்படிக் காட்டிய ஆராய்ச்சிகளுக்காக 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மகளுக்கு நடந்திருப்பதும் அதே வகைதான், இவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும்.

சரி, அப்படியானால் ஸ்கேனில் ஏன் குறைவு என்று வந்தது? அந்த ஸ்கேன் ஊசி போடாமல், சாயம் செலுத்தாமல், ரத்த அணுக்கள் நகர்வதை வைத்தே நுண்ணிய குழாய்களைப் படம் வரைகிறது. அருமையான கருவி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படம் எடுக்கிற சில விநாடிகள் கண் ஒரே புள்ளியில் நிலைத்திருக்க வேண்டும், சோம்பேறிக் கண்ணுக்கு அதுதான் கஷ்டம். படம் அலைந்தால் அதிலிருந்து கணக்கிடும் அடர்த்தி எண்ணும் மாறும். இன்னொன்று, பல கருவிகள் கண்ணின் நீளத்தைச் சுமார் 24 மி.மீ. என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. 5 வயதுக் குழந்தையின் கண் அதைவிடக் குட்டை, பிளஸ் பவர் இருக்கும் கண் இன்னும் குட்டை. இரண்டு கண்ணின் நீளமும் வேறு வேறாக இருக்கும்போது ஒரே அளவுகோலை வைத்து அளந்தால் இல்லாத வித்தியாசம்கூட இருப்பதுபோல் தெரியும். இது பற்றிய ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் அடர்த்தி குறைவு, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. உண்மையிலேயே கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

விழித்திரையை டாக்டர் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொட்டு மருந்து விட்டு, கருமணியை விரியவைத்து, நரம்பு, ரத்தக்குழாய், நடுப்புள்ளி எல்லாவற்றையும் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். தழும்போ, வளராத நரம்போ, கட்டியோ இருந்தால் அது வேறு கதை. கருமணிக்குள் வெள்ளையாக ஏதாவது மின்னினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கேள்வி: 4 வயதுப் பையனுக்குச் சோம்பேறிக் கண். கண்ணாடி கொடுத்து, தினமும் 2 மணி நேரம் கண்ணை மூடும் பேட்ச் ஒட்டச் சொன்னார்கள். இன்னொரு குழந்தைக்கு 6 மணி நேரம் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு ஏன் இவ்வளவு குறைவு? அதையும் அவன் பிய்த்துப் போட்டுவிடுகிறான்.

பதில்: குறைவு என்று நினைக்காதீர்கள். 7 வயதுக்குட்பட்ட, நடுத்தர அளவு குறை உள்ள குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், 2 மணி நேரம் ஒட்டியவர்களும் 6 மணி நேரம் ஒட்டியவர்களும் 4 மாதத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் முன்னேறினார்கள். குறை கடுமையாக இருந்தால் 6 மணி நேரம் சொல்வோம், அந்தக் குழந்தைக்கு அப்படி இருக்கலாம். பேட்ச் ஒட்டுவது நல்ல கண்ணில்தான், அதை மூடினால்தான் மற்ற கண் வேலை செய்யும். இதை மாற்றி ஒட்டிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அதனால் தினமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றவே கூடாது. கண்ணாடி மட்டும் போட்டே சில குழந்தைகளுக்கு 3, 4 மாதத்தில் பார்வை நன்றாக ஏறிவிடும்.

பேட்சைக் கண்ணாடி மேல் ஒட்டாதீர்கள், தோலில் ஒட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? குழந்தை முகத்தை லேசாகத் திருப்பி, தாடையைத் தூக்கி, மூக்கோரம் இருக்கும் சின்ன இடைவெளி வழியாக நல்ல கண்ணால் பார்த்துவிடும். என்னிடம் வந்த ஒரு சிறுமி ஒரு மாதம் முழுக்க அப்படியே படம் வரைந்திருக்கிறாள், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவள் தலையை நான் நேராகப் பிடித்ததும் பென்சில் நின்றுவிட்டது. தப்பு அவளுடையது இல்லை, தெரியாத கண்ணால் பார் என்று சொல்வது உண்மையிலேயே கடினமான வேலை. அதனால் பேட்ச் நேரத்தில் அவனுக்கு மிகவும் பிடித்ததைக் கொடுங்கள்: வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது, பிளாக் அடுக்குவது. நீங்களும் கூடவே உட்காருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் டாக்டரிடம் அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிக் கேளுங்கள். நல்ல கண்ணில் விட்டால் அது கிட்டத்தில் மங்கலாகி, மற்ற கண் வேலை செய்ய ஆரம்பிக்கும், பல குழந்தைகளுக்கு வாரக் கடைசி 2 நாள் மட்டும் விட்டாலே போதும். வெயிலில் கண் கூசும், தொப்பி போடுங்கள். பாட்டில் குழந்தை கைக்கு எட்டவே கூடாது, உள்ளே போனால் ஆபத்து.

கேள்வி: பெண்ணுக்கு 10 வயது. வயது தாண்டிவிட்டது, இனி பயனில்லை என்கிறார்களே?

பதில்: யார் சொன்னாலும் முயற்சி செய்யாமல் விடாதீர்கள். 7 முதல் 12 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிகிச்சையில் முன்னேற்றம் கிடைத்ததாக 2005இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சின்ன வயதில் வேகமாக ஏறும், இப்போது மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் மகன் 28 வாரத்தில் பிறந்தவன். விழித்திரை ரத்தக்குழாய்களுக்காக லேசர் செய்தார்கள். இப்போது 3 வயதில் ஒரு கண் விலகுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. முதல் கேள்வியில் ரத்தக்குழாயைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றேன், உங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். கருவில் சுமார் 16ஆவது வாரத்தில் பார்வை நரம்பின் பக்கத்திலிருந்து கிளம்பும் இந்தக் குழாய்கள், விழித்திரையின் ஓரத்தைத் தொடுவது பிரசவ நேரம் நெருங்கும்போதுதான். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஓரம் இன்னும் வெறுமையாக இருக்கும், அங்கே குழாய்கள் தாறுமாறாகக் கிளம்பும்போதுதான் லேசர் தேவைப்படுகிறது. லேசர் பார்வையைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு மைனஸ் பவர், மாறுகண், சோம்பேறிக் கண் மூன்றுமே மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. உடனே பவர் பார்த்து, விழித்திரையின் நடுப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது நன்றாக இருந்தால் கண்ணாடி, பேட்ச் என்று அதே வழிதான்.

கேள்வி: சோம்பேறிக் கண்ணின் பார்வை எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வந்துவிட்டது. நாளையிலிருந்து பேட்சை நிறுத்திவிடலாமா?

பதில்: திடீரென்று நிறுத்தாதீர்கள். சிகிச்சையை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரேயடியாக விட்டால் இன்னும் அதிகம். 6 மணி நேரம் என்றால் முதலில் 2 மணி நேரமாகக் குறைத்து, சில வாரம் பார்த்து, அப்புறம் விடுங்கள். மீதி இருக்கும் பேட்சுகளை வீட்டிலேயே வைத்திருங்கள், முதல் வருடம் முழுக்க 2, 3 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய் ஒவ்வொரு கண்ணாகப் படிக்கவைத்துப் பாருங்கள்.