ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வளர்ச்சி ஹார்மோனும்

கேள்வி: ஒன்பது வயதாகும் எங்கள் மகன் வகுப்பிலேயே குள்ளமாக இருக்கிறான் என்பதால் வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வெறும் வயிற்றில் வரச்சொல்லி, குளோனிடின் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். அவன் என் மடியிலேயே தூங்கிவிட்டான். அது என் மாமனார் ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையாயிற்றே! வளர்ச்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, காவேரிப்பாக்கம்

பதில்: உங்கள் மகனுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாகக் கருதி அதைக் கொடுக்கவில்லை. நரம்பணுக்கள் செய்தி கடத்தச் சுரக்கும் வேதிப்பொருள்களில் ஒன்று நார்அட்ரினலின்; மூளையில் அதன் பாதையைத் தூண்டினால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விடுவிக்கிறதா என்று பார்க்கவே கொடுத்தார்கள். அந்த ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாக, அலையலையாகச் சுரக்கும். பகலில் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் நலமாக வளரும் குழந்தைக்கும் அளவு மிகக் குறைவாகவே காட்டக்கூடும்.

நார்அட்ரினலின் சுரக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் சிறு கூட்டங்களாக உள்ளன. ஸ்வீடனைச் சேர்ந்த டால்ஸ்ட்ரோம், ஃபுக்சே இருவரும் 1964இல் எலியின் மூளையில் இவற்றை ஒளிரச் செய்து, ஏ1, ஏ2 என எண்ணிட்டு அடையாளப்படுத்தினர். இவற்றின் இழைகள், பிட்யூட்டரிக்கு மேலே இருந்து அதை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் வரை நீள்கின்றன. உங்கள் ஊர் ஏரியில் மடையைத் திறப்பவர் தண்ணீரை வயலுக்குச் சுமந்து செல்வதில்லை அல்லவா? நார்அட்ரினலினும் பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஹைப்போதலாமஸிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் ஹார்மோனும், அதைத் தடுக்கும் சொமட்டோஸ்டாட்டினும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்கு இறங்குகின்றன. எது கூடும், எது குறையும் என்பதை, நார்அட்ரினலின் எந்த ஏற்பியில் (சாவிக்கேற்ற பூட்டுப் போல நரம்பணுவின் மேல் உள்ள இடத்தில்) போய்ப் பொருந்துகிறது என்பது தீர்மானிக்கிறது.

ஆல்ஃபா-2 ஏற்பியில் பொருந்தினால் தூண்டுதல் கூடித் தடை தளர்கிறது. பீட்டா ஏற்பியிலோ தடை வலுக்கிறது. ஊசியைக் கண்டு உங்கள் மகன் அழுதிருந்தால், அந்த நேரத்தில் இதே நார்அட்ரினலின் ஆல்ஃபா-1 ஏற்பி வழியே வேறொரு மடையைத் திறந்து, பிட்யூட்டரியிலிருந்து அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை வரவழைத்து, மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலை உயர்த்தியிருக்கும். ஒரே பொருள் இத்தனை சுரப்புகளைத் தனித்தனியே ஆள்வது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

குளோனிடின் ஆல்ஃபா-2 ஏற்பியில் நார்அட்ரினலினைப் போலவே பொருந்துகிறது. ஹைப்போதலாமஸில் அதனால் மடை திறக்கிறது. ஆனால் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பணுக்களின் மேலும் அதே ஏற்பி உண்டு; அங்கே அது கடிவாளமாகி அவற்றை அடக்குகிறது. உங்கள் மகன் தூங்கியதற்கு அதுவே காரணம். மூளைத்தண்டில் அது செய்யும் வேலையால் ரத்த அழுத்தமும் சற்று இறங்கும். அதனால்தான் குழந்தையைப் படுக்க வைத்து அழுத்தத்தை அளந்துகொண்டே இருப்பார்கள், தெளிந்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

முடிவில் அளவு குறைவாக வந்தாலும் உடனே கலங்க வேண்டாம். குறைபாடு இல்லாத குழந்தைகள் சிலருக்கும் ஒரு சோதனையில் ஹார்மோன் உயராமல் போவதுண்டு. ஆகவே குளுக்ககான் போன்ற வேறொரு மருந்தால் இன்னொரு முறை தூண்டிப் பார்த்து, ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் வளர்கிறான் என்பதையும், மணிக்கட்டு எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு வயதையும் சேர்த்து வைத்தே மருத்துவர் முடிவு செய்வார். அவனுடைய பழைய உயரக் குறிப்புகள் பள்ளியில் இருந்தால் அடுத்த முறை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.