ஒரே அளவு எரிவாயுவுக்கு ஏன் வேறு வேறு கம்ப்ரசர்?

கேள்வி: நீண்ட குழாய்ப்பாதையில் நாளொன்றுக்கு ஒரே அளவு இயற்கை எரிவாயுதானே செல்கிறது? பிறகு வழியில் வாயுவை அமுக்கி முன்னே தள்ளும் ஒவ்வொரு நிலையத்துக்கும் கம்ப்ரசரின் அளவைத் தனியாகக் கணக்கிடுவது எதற்காக?
– இயந்திரப் பொறியியல் மாணவர் ஒருவர்

பதில்: நீங்கள் சொல்லும் 'ஒரே அளவு' விற்பனைக் கணக்கு, 15 டிகிரி வெப்பநிலைக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கும் மாற்றி எழுதப்பட்ட நியம கன மீட்டர். கம்ப்ரசருக்கோ, தன் வாயிலுக்கு வாயு எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் வந்து சேர்கிறதோ, அந்த நிலையில் அது பிடிக்கும் இடமே கணக்கு.

நாளொன்றுக்கு 10 லட்சம் நியம கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாயு 50 பார் அழுத்தத்திலும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) 25 டிகிரியிலும் வந்தால், இலட்சிய வாயு விதியிலிருந்து விலகுவதற்கான குணகத்தை 0.90 எனக் கொள்ளும்போது, மணிக்குச் சுமார் 790 கன மீட்டர் ஆகிறது. அதே வாயு 40 பாரில் வந்தால், குணகம் 0.92 என்ற கணக்கில், சுமார் 1,000 கன மீட்டர். 75 பாரில் வெளியே தள்ள வேண்டுமானால் அழுத்த விகிதமும் (வெளியேறும் அழுத்தத்தை உள்வரும் அழுத்தத்தால் வகுத்தது) 1.5இலிருந்து ஏறத்தாழ 1.9 ஆகிறது, வாயுவின் நிறை மாறாவிட்டாலும், ஒவ்வொரு கிலோவுக்கும் செய்ய வேண்டிய வேலை கூடுவதால், தேவைப்படும் திறன் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அழுத்தமானி வளிமண்டலத்துக்கு மேலுள்ள அழுத்தத்தையே காட்டுவதால், அந்த எண்ணுடன் வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்த பிறகே கணக்கிட வேண்டும். பிரதான குழாயின் அழுத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வடிகட்டியிலும் திரவம் பிரிக்கும் கலனிலும் இழக்கும் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும்.

வெப்பநிலையின் பங்கு சிறியது. 10 டிகிரி ஏறினால் கன அளவு 3 சதவீதம் சொச்சம் கூடும். குழாய் மண்ணுக்கடியில் கிடப்பதால் வாயுவின் சூடு வெளிக்காற்றைப் போல ஏறி இறங்குவதும் இல்லை. ஆனால் கம்ப்ரசரைச் சுழற்றும் வாயு டர்பைன் வெளிக்காற்றையே உறிஞ்சுகிறது. ஹசீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் எரிவாயுக் குழாய்ப்பாதையிலுள்ள, மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டும். 15 டிகிரிக்குக் குறிக்கப்பட்ட டர்பைன் திறன் அப்போது கணிசமாகக் குறைந்திருக்கும்.

ஆகவே மிகக் குறைந்த உள்வாயில் அழுத்தத்துக்கே கம்ப்ரசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்காக மிகப் பெரியதை வாங்குவதும் தவறு: உள்வரும் அழுத்தம் 60 பாராக உயரும் நாளில் கன அளவு சுருங்கி, மையவிலக்குக் கம்ப்ரசர் (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் வாயுவை அமுக்கும் வகை) ஓட்டம் பின்வாங்கித் துடிக்கும் எல்லையை நெருங்கும், அதைத் தடுக்க, அமுக்கிய வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்வாயிலுக்கே திருப்பிவிட்டு எரிபொருளை வீணடிக்க நேரிடும்.