வண்டியை அளந்தீர்களா?

அன்புள்ள ஐயா,

1220 × 2440 மி.மீ. பிளைவுட் பலகையில் எச்ஓ (1:87) அளவில் ஒரு மாதிரி ரயில் பாதை அமைக்கத் தொடங்கியிருக்கிறேன். வட்டப் பாதையில் ஒரே பக்கமாக ஓடும் வண்டியைப் பார்த்த என் ஒன்பது வயது மகள், "போன ரயில் திரும்பி வராதா அப்பா?" என்று கேட்டாள். ஆகவே பலகையின் இரு முனைகளிலும் 450 மி.மீ. ஆரத்தில் வண்டியைச் சுற்றித் திருப்பி அனுப்பும் திருப்பு வளையம் ஒவ்வொன்று வைத்து, இரண்டையும் ஒற்றைப் பாதையால் இணைத்து வரைந்திருக்கிறேன். டிசிசி முறையில், அதாவது தண்டவாளம் வழியே என்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பி, ஓட்டுகிறேன்; ஓர் என்ஜினும் எட்டுப் பெட்டிகளும் உள்ளன. இப்படி அமைத்தால் ஷார்ட் ஆகும் என்கிறார்கள். மின்சார விளக்கமெல்லாம் எனக்கு வேண்டாம். மின்முனையைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் கருவியில் எதை வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். வண்டியைத் திருப்ப வளையம், முக்கோணப் பாதை, டர்ன்டேபிள் (சுழல்மேடை) ஆகியவற்றில் எது சிறந்தது? வளைத்துப் போடும் ஃபிளெக்ஸ் பாதையா, ஆயத்தத் துண்டுகளா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் பழைய அமைப்பின் திருப்பு வளையத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். பாதையில் சரளைபோல் தூவி, பசையில் இறுகிப்போன கற்பொடியைச் சுரண்டும்போது மனத்தில் ஓடியதையே உங்களுக்கு எழுதுகிறேன்.

ஃபிளெக்ஸ் பாதையா, துண்டா என்பது உங்கள் கைப்பழக்கத்தைப் பொறுத்தது, எதையும் போடுங்கள். ஆட்டோ ரிவர்சரும் அப்படியே. உங்கள் டிசிசி அமைப்போடு ஒத்துப்போகும் எதுவும் போதும். ஆனால் "மின்சார விளக்கம் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்க மாட்டேன். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது. மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கருவியை வாங்கி மாட்டினால் போதும் என்று நினைப்பது சோம்பல். உங்களிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

என் பதினான்காவது வயதில் நானும் ஒரு வளையம் போட்டேன். பாயிண்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், பிரிந்த பாதை சுற்றி வந்து அதே பாயிண்டில் சேர்ந்தது. மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் முன்பே கற்பொடி தூவிப் பசையும் ஊற்றிவிட்டேன். பிறகு மின்சாரம் கொடுத்தபோது என்ஜின் அசையவில்லை. மின்பெட்டியின் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தது. பெட்டிதான் பழுது என்று அதைக் கழற்றி இரண்டு நாட்களை வீணாக்கினேன். மூன்றாம் நாள் என் அண்ணன் ஒரு பழுப்புத் தாளில் அந்த வளையத்தை வரைந்து, சிவப்பும் நீலமுமாக இரண்டு பென்சில்களை என் கையில் கொடுத்தார். வளையத்தை நோக்கிப் போகும் பாதையில் இடத் தண்டவாளத்தைச் சிவப்பாலும் வலத் தண்டவாளத்தை நீலத்தாலும் தீட்டிக்கொண்டே போகச் சொன்னார். வளையத்தைச் சுற்றி வந்தபோதும் சிவப்பு என் இடப்பக்கமே இருந்தது; ஆனால் நான் இப்போது எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அந்த இடப்பக்கத்தில் முதலில் தீட்டிய நீலம் காத்திருந்தது. சிவப்பு நீலத்தில் போய் முட்டியது. ஷார்ட் சர்க்யூட் என்பது அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள ஒரு சூத்திரமும் எனக்குத் தேவைப்படவில்லை.

வளையத்தின் இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி பிளாஸ்டிக் இணைப்பி போட்டு, நடுப்பகுதிக்குத் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். தண்டவாளத்தின் மின்முனையே திசையைத் தீர்மானித்த அந்நாளைய டிசி முறையில் வண்டி உள்ளே இருக்கும்போது நாமே பிரதான பாதையின் மின்முனையை மாற்றினோம். டிசிசியில் என்ஜினின் திசை அதற்கு அனுப்பும் கட்டளையால் தீர்மானிக்கப்படுகிறது, தண்டவாளத்தின் மின்முனையால் அல்ல. அதனால் சக்கரம் வெட்டைத் தாண்டும் நொடியில் ஷார்ட்டை உணர்ந்து ஆட்டோ ரிவர்சர் உள்பகுதியின் முனையை மாற்றிவிட, வண்டி நிற்காமல் போகிறது. (மேர்க்லின் நிறுவனத்தின் எச்ஓ பாதையில் இரு தண்டவாளங்களும் ஒரே முனையாக இருக்க, நடுவிலுள்ள குமிழ்கள் மற்ற முனையாக இருப்பதால் அங்கே இந்தச் சிக்கலே எழுவதில்லை.)

நானும் வெட்டினேன். ஆனால் வெட்டுவதற்கு வசதியான இடத்தில் வெட்டினேன். என்ஜின் தனியாக அழகாகச் சுற்றி வந்தது. பெட்டிகளை மாட்டியதும் மறுபடியும் விளக்கு எரிந்தது. அழுகை வந்துவிட்டது. அண்ணன் கோபப்படவில்லை, "வண்டியை அளந்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அளந்திருக்கவில்லை. என்ஜின் வெளியேறும் வெட்டைத் தொடும்போது கடைசிப் பெட்டியின் உலோகச் சக்கரம் நுழையும் வெட்டின்மீது இருந்தால், இரண்டு வெட்டுகளும் ஒரே நேரத்தில் பாலம் போட்டதுபோல் இணைந்துவிடுகின்றன. அப்போது கையால் இயக்கும் சுவிட்சும் தோற்கும், இன்றைய ஆட்டோ ரிவர்சரும் தோற்கும். எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒரு முனையில் ஷார்ட் இருக்கும்போது அது என்ன செய்யும்? ஆகவே தனிப்படுத்திய பகுதி உங்கள் மிக நீளமான வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். பாயிண்டிலிருந்து இருபுறமும் சமமாக விரிந்து அதே ஆரத்தில் வட்டமாகும் வளையம், அகலத்தில் ஆரத்தைப் போல் இரு மடங்கும் நீளத்தில் சுமார் 2.73 மடங்கும் இடம் கேட்கும். 450 மி.மீ. ஆரத்துக்கு ஒரு வளையம் ஏறக்குறைய 1230 மி.மீ. நீளம், இரண்டுக்கும் 2460. உங்கள் பலகை 2440. நடுவில் ஓர் அங்குலப் பாதைகூட இல்லாமலேயே இரண்டும் அதில் அடங்காது. பென்சிலால் வட்டம் போடத் தெரிந்த நீங்கள் இதை அளந்து பார்த்திருக்க வேண்டாமா? நிஜத்தில் 26.4 மீட்டர் நீளமுள்ள பெட்டி 1:87 அளவில் 303 மி.மீ. வரும். அத்தகைய எட்டும் ஓர் என்ஜினும் சேர்ந்தால் 2.6 மீட்டருக்கு மேல். வளையத்தின் மொத்தச் சுற்று 3.3 மீட்டர், பாயிண்டும் அதன் கைகளும் போக, வண்டியைவிட மிஞ்சுவது அதிகம் போனால் ஒரு சாண்.

முக்கோணம் சிறந்ததா என்றால், வட்டத்தைவிட வேறு வடிவத்தில் இடம் பிடிக்கும். ஆனால் மூன்று பாயிண்டுகள் வேண்டும், முழு வண்டியையும் திருப்ப அதன் வால் முழு வண்டியின் நீளம் இருக்க வேண்டும், அங்கும் இதே ஷார்ட் உண்டு. டர்ன்டேபிள் என்ஜினை மட்டுமே திருப்பும். உங்கள் மகள் கேட்டது அதையல்ல.

அவள் கேட்டதற்கு ஒரே வளையம் போதும். ஒரு முனையில் வளையம், மறுமுனையில் நிலையம். வண்டி நிலையத்திலிருந்து புறப்பட்டு, வளையத்தைச் சுற்றி, முகத்தை முன்னே வைத்தபடி நிலையத்துக்கே திரும்பி வரும். வளையம் போக 1210 மி.மீ. மிஞ்சுகிறது. அங்கே நேர்ப்பாதையில் எட்டுப் பெட்டி நிற்காது; இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மூன்று பெட்டித் தொடர்வண்டி ஒன்று நிற்கும், அதற்கு என்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. எட்டுப் பெட்டிகளையும் விட மனமில்லை என்றால், 1:160 ஆன ‘என்’ (N) அளவுக்கு மாறுங்கள்; அங்கே 250 மி.மீ. ஆரத்தில் ஒரு வளையம் சுமார் 680 மி.மீ. நீளத்தில் முடிந்துவிடும். எட்டுப் பெட்டியும் வேண்டும், எச்ஓவும் வேண்டும், இந்தப் பலகையும் வேண்டும் என்றால் நடக்காது.

எதையும் வாங்கும் முன், ஒரு பெரிய தாளில் வளையத்தை வரைந்து சிவப்பு, நீலப் பென்சில்களை மகளிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். நிறங்கள் முட்டும் இடத்தை அவளே கண்டுபிடிக்கட்டும். வெட்டு எங்கே வர வேண்டும் என்பதையும் அவளே குறிக்கட்டும். பிறகு பாதையைப் பசையின்றிக் குண்டூசியில் மட்டும் நிறுத்தி, உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியை இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். கற்பொடி அதற்குப் பிறகுதான்.

புதிய வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள். ஓரத்தில் வண்டியின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதியிருந்தால் மட்டுமே பார்ப்பேன்.

அன்புடன்.