நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கும்போது, காலனிக்கும் செங்கல் சூளைக்கும் மட்டும் புத்தகங்களைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது நியாயமா?

தாங்கள் ஏதோ ஒரு வாசகர் வட்டத்தில் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்றும், கையிலிருக்கும் கொஞ்சம் பணத்தில் நூலகத்துக்கு நாற்காலி வாங்குவதா, காலனிக்குப் புத்தகம் கொண்டுபோவதா என்று அங்கே வாக்குவாதம் நடந்திருக்கிறது என்றும் கேள்வியைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது. ஊகம் தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘கதவு எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது’ என்ற வாக்கியத்தைப் பணிக்காலம் முழுவதும் கேட்டுச் சலித்தவள் என்பதால், ‘நியாயம்தான்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வட மாவட்டம் ஒன்றில் ஊர்ப்புற நூலகராகச் சேர்ந்து, மூன்றாம் நிலை நூலகராக ஓய்வு பெற்றவள் நான். முதலில் பணியாற்றிய நூலகம் ஊருக்குள், ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய தெருவில் இருந்தது. காலனி ஏரிக்கரைக்கு அப்பால் இருந்தது. நடந்து வரக்கூடிய தூரம்தான், தடுத்தவர்களும் எவரும் இல்லை. ஆனால் காலனியிலிருந்து வரும் ஒரு பையன் கோயில் தெருவைக் கடக்கும்போது, திண்ணையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது ‘என்னடா, எங்கே இந்தப் பக்கம்?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிவிட்டுத்தான் நாளிதழைத் தொட முடியும் என்றால், எத்தனை பேர் வருவார்கள்? வருகைப் பதிவேட்டில் அவர்களுடைய பெயர்கள் இல்லாததைப் பார்த்துவிட்டு, ‘அவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்று எழுதுவது மிகவும் எளிது.

இதைச் சாதிச் சண்டை மூட்டுவதற்காக எழுதுகிறேன் என்று கருத்துப் பெட்டியில் சிலர் வருவார்கள் என்பது தெரியும். அவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்தச் சாதிப் பெண்ணும் அந்த நூலகத்துக்குள் வந்து உட்காரவில்லை. நாளிதழ் மேசையைச் சுற்றி எப்போதும் ஆண்களே இருந்தார்கள். வயதுக்கு வந்தவுடன் பெண் பிள்ளைகள் வருவது நின்றுவிடும். அதன்பின் தம்பியை அனுப்புவார்கள், அவன் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போவான். கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கோ நாங்கள் பூட்டும் நேரத்தில்தான் பொழுது கிடைக்கும். கதவு திறந்திருக்கிறது என்பது உண்மைதான். யாருக்கு வசதியான நேரத்தில், யாருடைய தெருவில் திறந்திருக்கிறது என்பதைத்தான் நாம் பேசுவதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால், தங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாடு இது. காலனியில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் அந்த வரியைக் கட்டித்தான் ரசீது வாங்குகிறார். ஆகவே அங்கே புத்தகம் போவதைச் சலுகை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அந்த நாளில் இரண்டு கட்டைப் பைகளில் புத்தகங்களை எடுத்துக்கொண்டு காலனியின் சமுதாயக் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பி வைப்பேன். தம்பி மூலம் வந்ததையே படித்துக்கொண்டிருந்த பெண்கள், முதன்முறையாகத் தாங்களே புரட்டிப் பார்த்து எடுத்தார்கள். கோலப் புத்தகமும் சமையல் குறிப்பும்தான் கேட்பார்கள் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அவற்றையும் கேட்டார்கள்தான், ஆனால் குரூப் 4 தேர்வுக்கான நூல்களும் பட்டா, வாரிசுச் சான்று தொடர்பான சட்டக் கையேடுகளும்தான் திரும்பவே நேரமில்லாமல் கைமாறிக்கொண்டிருந்தன. எங்கள் இருப்பில் அவை மிகக் குறைவு. கொள்முதல் பட்டியலைத் தயாரிக்கிறவர்கள், நூலகத்துக்கு வராதவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை அல்லவா?

சூளைப் பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கடினமாக இருந்தது. உறுப்பினராவதற்கு முகவரிச் சான்று வேண்டும். சூளையில் தங்கியிருப்பவர்களின் குடும்ப அட்டையோ வேறு மாவட்டத்தில் இருந்தது, சில இருளர் குடும்பங்களிடம் அட்டையே இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவர் தம் பெயரில் உறுப்பினர் அட்டைகள் எடுத்துப் பொறுப்பேற்றுக்கொண்டதால்தான் அந்தப் பிள்ளைகள் படிக்க முடிந்தது. ஒரு நல்ல மனிதர் கிடைத்தால் மட்டுமே நடக்கும் காரியத்தைத் திட்டம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பிறகு தணிக்கை வந்தது. இருப்புச் சரிபார்ப்பில் சில புத்தகங்கள் குறைந்தன. சில மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் நனைந்து உப்பியிருந்தன. குறைந்தவற்றில் காலனிக்குப் போனவையும் உண்டு. ஓய்வு பெற்ற பெரிய மனிதர் ஒருவர் மகன் வீட்டுக்குக் குடிபோகும்போது கூடவே கொண்டுபோன தடித்த நூல்களும் உண்டு. வந்த அலுவலர் பின்னதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ‘வெளியே எடுத்துக்கொண்டு போகச் சொன்னது யார்?’ என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. இரண்டு வகை இழப்புக்கும் சேர்த்து என் ஊதியத்தில் பிடித்தார்கள். ஊர்ப்புற நூலகரின் சிறப்புக் காலமுறை ஊதியம் எவ்வளவு என்பது தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும்.

எல்லா அலுவலர்களும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. என்னைத் தட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் புத்தகம் அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் நூலகருக்கு ஒரு இழப்பும் இல்லை, வாசகர் கைக்குப் போய்த் தொலைந்தால் அவருடைய சம்பளம் போகும் என்ற ஏற்பாடு இருக்கும்வரை, எந்த நூலகர் காலனிக்குப் பை தூக்குவார்? சமூகநீதியின் செலவைக் கடைசி வரிசையில் இருக்கும் ஊழியரின் சட்டைப்பையிலிருந்து எடுக்கிறார்கள் என்பதே என் குறை.

இது இப்போது கிளம்பிய புது மோகம் என்று யாராவது தங்கள் கூட்டத்தில் சொன்னால், 1931-ஐ நினைவூட்டுங்கள். அந்த ஆண்டில்தான் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியில், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் நூலாக வந்ததும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாம் விதியை விளக்கும்போது, பெண்கள், கிராமத்தார், உடற்குறை உள்ளவர்கள் என்று ஒவ்வொரு தரப்பையும் எடுத்து அவர் பேசுகிறார். தாமாக நூலகத்துக்கு வந்து சேர்கிறவர் மட்டுமே வாசகர் என்று அவர் நினைத்திருந்தால் இந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே தாராளமாகக் கொண்டுபோங்கள். நாற்காலிக்குப் புரவலர் எவராவது கிடைப்பார்; 1000 ரூபாய் கொடுத்துப் புரவலராகிப் பலகையில் பெயரைப் பார்க்க விரும்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் தொடங்குவதற்கு முன்பே, வெளியே போய்த் தொலையும் நூல்களின் விலையை வட்டத்தின் நிதியிலிருந்து ஈடுகட்டுவோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, அதன் நகல் ஒன்றைத் தங்கள் நூலகரிடம் கொடுத்துவிடுங்கள்.