பனாமாவில் ஒரே ஒரு நாள்: கப்பல் மேலே ஏறுவதை எங்கே, எப்போது பார்ப்பது?

கேள்வி: கணவருக்கு பனாமா சிட்டியில் வேலை. பிப்ரவரியில் நானும் பத்து வயது மகனும் கூடப் போகிறோம். கால்வாய்க்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். கப்பல் ஏறி இறங்குவதை மாடியில் நின்று பார்க்கும் மிராஃப்ளோரஸ் மட்டும் போதுமா, படகில் போய்ப் பார்த்தால்தான் திருப்தியா? இரண்டு கடலும் ஏறக்குறைய ஒரே மட்டம்தானே, அப்புறம் ஏன் கப்பலைத் தூக்கி இறக்குகிறார்கள் என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: முதலில் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கடல்கள் ஒரே மட்டம்தான். நடுவில் இருக்கும் நிலம் அப்படி இல்லை. குலேப்ரா என்ற மலைமேட்டைக் கடல் மட்டம் வரை வெட்டிவிடலாம் என்று 1881-ல் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கினார்கள். சூயஸை வெட்டிய லெசெப்ஸ்தான் தலைமை. மணலில் பலித்த வழி இங்கே பலிக்கவில்லை. வெட்ட வெட்டச் சரிந்தது மண். மழைக்காலத்தில் சாக்ரெஸ் ஆறு பொங்கியது. மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் சுமார் 22,000 பேரைக் கொண்டுபோயின. 1889-ல் கம்பெனி திவாலானது.

1904-ல் வேலையைக் கையில் எடுத்த அமெரிக்கர்கள் கொசுவை ஒழிப்பதில் முழு மூச்சாக இறங்கினார்கள். திட்டத்தையும் மாற்றினார்கள். தொல்லை கொடுத்த அதே ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் காட்டுன் ஏரியை உண்டாக்கினார்கள். மலையை அடிவரை வெட்டுவதற்குப் பதில் கப்பலை ஏரிக்கு ஏற்றி, மறுபக்கம் இறக்கிவிடுவது என்று முடிவானது. 1914 ஆகஸ்ட் 15-ல் கால்வாய் திறந்தது.

ஏற்றுவதற்கு பம்ப் எதுவும் இல்லை என்பதை மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். லாக் எனப்படும் தொட்டிக்குள் கப்பல் வந்ததும் கதவை மூடி, மேலிருந்து வரும் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். ஆள் நுழையும் அளவுக்கு அகலமான குழாய்கள் வழியாக அது தொட்டியின் தரைக்கு அடியில் வந்து பொங்க, கப்பல் மேலே வருகிறது. முழு வேலையும் புவியீர்ப்பு செய்வது. ஒரு கப்பல் கடந்து முடிக்க சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. அதனால்தான் 2023-ல் மழை பொய்த்தபோது, தினம் 36 கப்பல் வரை விட்ட இடத்தில் 25-க்கும் கீழே குறைக்க வேண்டி வந்தது.

சரி, இடத்துக்கு வருவோம். ஒரே நாள், கூடவே சிறுவன் என்றால் என் ஓட்டு மிராஃப்ளோரஸுக்கே. நகரத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நேரம் தவறினால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். பெரிய கப்பல்கள் குலேப்ரா வெட்டுக்குள் எதிரெதிரே கடக்க முடியாது என்பதால் போக்குவரத்தை நேரம் பிரித்து விடுகிறார்கள். மிராஃப்ளோரஸில் பெரும்பாலும் காலையில் பசிபிக்கிலிருந்து ஏறும் கப்பல்கள். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குமேல் அட்லாண்டிக்கிலிருந்து வந்து இறங்கும் கப்பல்கள். நடுப்பகலில் வெறிச்சோடிக் கிடக்கும். காலையில் திறந்த உடனே போய்விடுங்கள். முந்தின இரவு, கப்பல்களின் இருப்பிடம் காட்டும் இணையதளத்தில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

மாடியில் இடம் பிடித்ததும் தூரத்தில் பாருங்கள். துடுப்புப் படகில் இரண்டு பேர் போய் கப்பலிலிருந்து முதல் கயிற்றை வாங்குவார்கள். நூறு வருஷமாக மாறாத வழக்கம். அப்புறம் தண்டவாளத்தில் ஓடும் மின் இழுவண்டிகள் இரு பக்கமும் கம்பி கட்டிக்கொள்ளும். 'முலா', அதாவது கோவேறு கழுதை, என்று அவற்றுக்குப் பெயர். கப்பலை முன்னே தள்ளுவது அதன் சொந்த எஞ்சின்தான்; சுவரில் உரசாமல் நடுவில் நிறுத்துவதே இந்த வண்டிகளின் முக்கிய வேலை. தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், பெரிய கப்பலின் அகலம் 32.3. பக்கத்துக்கு இரண்டடி இடைவெளி!

கதவுகளையும் விடாதீர்கள். இரண்டு மீட்டர் தடிமனான இரும்பு, உள்ளே வெற்றுக்கூடு என்பதால் பாரம் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடும். மூடும்போது மேல்மட்டத் தண்ணீரை நோக்கிக் கூம்பி நிற்கும். தண்ணீர் அழுத்த அழுத்த இறுகும். பசிபிக் பக்கம் ஓதம் அதிகம், ஆறு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். அதனால் 1914-ல் திறந்த பழைய லாக்குகளிலேயே உயரமான கதவுகள் மிராஃப்ளோரஸில்தான்.

படகுப் பயணம் குறை சொல்வதற்கில்லை. குலேப்ரா வெட்டை உள்ளிருந்து பார்க்க அதுதான் வழி. ஆனால் அரை நாள் பிடிக்கும், தொட்டிக்குள் உங்கள் கண்ணுக்கு எதிரே ஈரச்சுவர்தான் நிற்கும். கப்பல் ஏறுவது மேலிருந்து பார்த்தால்தான் புரியும். அட்லாண்டிக் கரையில் கொலோன் நகரத்தின் பக்கத்திலுள்ள அகுவா கிளாராவில் 2016-ல் திறந்த பெரிய லாக்குகள் இருக்கின்றன. கதவுகள் பக்கவாட்டில் நகரும், பயன்படுத்திய தண்ணீரில் 60 சதவீதத்தைப் பக்கத்துக் குளங்களில் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஆனால் போகவே சுமார் 80 கிலோமீட்டர். இரண்டாவது நாள் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

பிப்ரவரி வறண்ட காலம், மழைத் தொல்லை இருக்காது. வெயில்தான் வாட்டும், மகனுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.